கோழி வரிசையில் ஒரு வணக்கம்

சவேத்தாவுக்கு எதைக் கண்டாலும் பயம். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். அவளுக்கு வெளிச்சத்திலும் பேய்தான் தெரிந்தது. சின்ன வயதில் வாத்துக்குப் பயந்தாள், இடிக்குப் பயந்தாள். பெரியவளானதும் முத்திரை குத்திய காகிதத்துக்கும், தொப்பி போட்ட ஆளுக்கும், பின்னாலிருந்து பெயர் சொல்லிக் கூப்பிடும் எந்தக் குரலுக்கும் பயந்தாள். கையுறைத் தொழிற்சாலையில் அவள் தையலுக்கு இணையான தையல் இல்லை. ஆனால் யாராவது அதைப் பாராட்டிவிட்டால் அன்று முழுக்கத் தலை நிமிராமல் தைப்பாள். கணவன் மிட்ரு மரம் அறுக்கும் ஆலையில் வேலை பார்த்தார். பேச்சுக்கும் அவருக்கும் வெகுதூரம். "நீ பயந்தே பாதி ஆயுசைக் கரைச்சுட்டே" என்பார் எப்போதாவது. அதோடு சரி.

அப்படிப்பட்டவள் மனந்திரும்பிகளோடு போய்ச் சேர்ந்தாள் என்பதுதான் யாராலும் நம்ப முடியாத விஷயம்.

கிரிஷ் ஆற்றங்கரை ஊர்களில் ஞானஸ்நான சபைக்காரர்களுக்கு அந்தப் பெயர்தான். ஊரார் அதை வசவாகச் சொன்னார்கள். அவர்கள் பட்டமாக வாங்கிக்கொண்டார்கள். ஜெப வீட்டுக்குக் கோபுரம் கிடையாது, உள்ளே படங்கள் கிடையாது, போகிறவர்கள் சாராயம் தொட மாட்டார்கள். ருமேனியாவில் கம்யூனிஸ்ட் கட்சி ஆண்ட காலம் அது. ஜெபிக்கப் போவது சட்டப்படி குற்றமில்லை. ஆனால் போகிறவர்களின் பிள்ளைக்கு மேற்படிப்புக்கு இடம் கிடைக்காது, போகிறவர்களுக்கு நல்ல வேலை நிலைக்காது. காரணம் என்ன என்று யாரும் சொல்லவும் மாட்டார்கள், யாரும் கேட்கவும் மாட்டார்கள்.

அவளை அங்கே இழுத்துப்போனவள் ரவேக்கா. ரயில் நிலையத்தில் தரை துடைக்கிறவள். வண்டி வருகிற சத்தத்துக்கு மேலே கேட்கும் அவள் குரல். சவேத்தாவின் ஒரே மகள் லீஜியா சின்னப் பெண்ணாக இருந்தபோது நுரையீரல் காய்ச்சலில் கிடந்தாள். ரவேக்கா கூப்பிடாமலே வந்து, கட்டிலருகே முழந்தாளிட்டு, சன்னல் திறந்திருப்பதைக்கூடக் கவனிக்காமல் வாய்விட்டு ஜெபித்தாள். பிள்ளை பிழைத்தது. ஆனால் சவேத்தாவை வீழ்த்தியது அது மட்டுமல்ல. ஒரு மனுஷியின் குரலில் பயமே இல்லாமல் இருக்க முடியும் என்பதை அவள் அன்றுதான் கேட்டாள். அதன்மேல் ஆசைப்பட்டுத்தான் போனாள்.

ஒரு விடியலில், பக்கத்து ஊர் ஆற்றில் ஞானஸ்நானம் பெற்றாள். தண்ணீரிலிருந்து தலை தூக்கிய அந்த நேரத்தில் பயம் இல்லை. கரையேறி ஈரத்துணி மாற்றுவதற்குள் திரும்ப வந்துவிட்டது: பாலத்தில் போனவர் யாராக இருக்கும்?

அன்றிலிருந்து ஒளிந்து வாழ்வதை ஒரு தொழிலாகவே செய்தாள். ஞாயிற்றுக்கிழமை முக்காட்டுத் துணி பைக்குள் இருக்கும். ஆலை மதிலைத் தாண்டித் திரும்பிய பிறகுதான் தலைக்கு ஏறும். கல்யாண வீட்டில் பிளம் சாராயத்தை நீட்டினால் வயிற்றுப்புண் என்பாள். வருஷக்கணக்கில் ஆறாத புண். பக்கத்து வீட்டுக்காரி அதற்கு மூலிகை எல்லாம் கொண்டுவந்து கொடுத்தாள். சவேத்தா அதையும் குடித்துத் தொலைத்தாள்.

ஆனால் ஒளிக்க முடியாதது ஒன்று இருந்தது. மனந்திரும்பிகள் ஒருவரையொருவர் எங்கே கண்டாலும் வணக்கம் சொல்ல மாட்டார்கள். "சமாதானம்" என்பார்கள். பதிலும் சமாதானம்தான். நடுத்தெருவில் அதைச் சொன்னால், சொன்னவர் யார், பதில் சொன்னவர் யார் என்று தெருவுக்கே தெரிந்துவிடும்.

லீஜியா செவிலியர் பள்ளிக்கு மனுப் போட்டிருந்த வருஷம். கடைக்குக் கோழி வந்திருக்கிறது என்று கேள்விப்பட்டு ஊரே வரிசையில் நின்றது. சவேத்தாவுக்குப் பின்னால் தொழிற்சாலையின் பிரிவுத் தலைவர் புஷ்காஷ் நின்றார். எதிர்ச்சாரியில் வாளியும் கையுமாக ரவேக்கா போனாள்.

"சமாதானம், சவேத்தா."

வரிசை மொத்தமும் திரும்பியது. சவேத்தா புஷ்காஷை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு தன் வாயிலிருந்து வந்ததை அவளே கேட்டாள்.

"வணக்கம், தோழர்."

ரவேக்கா ஒரு கணம் நின்றாள். தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டாள்.

"அந்த மனந்திரும்பி உங்களுக்குப் பழக்கமா?" என்று கேட்டார் புஷ்காஷ்.

"ஸ்டேஷன்ல பார்த்திருக்கேன், அவ்ளோதான்."

இயேசுவைத் தெரியாது என்று சொன்ன பேதுருவுக்காவது ஒரு சேவல் கூவியது. இங்கே கடையில் இருந்த கோழிகள் எல்லாம் கழுத்தறுபட்டுத் தொங்கின, கூவ நாதியில்லை.

சாயங்காலம் கொல்லைப்பக்கமாக ரவேக்கா வீட்டுக்குப் போனாள். ரவேக்கா மக்காச்சோளக் களி கிண்டிக்கொண்டிருந்தாள்.

"திட்டுடி. ரெண்டு அடியாவது அடி."

"எதுக்கு? உன் மூஞ்சி போன போக்கைப் பார்த்து எனக்கே சிரிப்பு வந்துடுச்சு. தோழராம். தரை தொடைக்கிறவளைக் கட்சியில சேர்த்துவிட்டுட்டியே, சம்பளம் கூட்டித் தருவாங்களா?"

"லீஜியாவுக்கு இடம் கிடைக்கட்டும். அப்புறம் நானே சந்தை நடுவுல நின்னு சொல்றேன், பாரு."

"சொல்லுவடி, சொல்லுவ. இப்ப உக்காரு, களி ஆறுது."

அடுத்த வாரம் இருவரும் சந்தையில் எதிரெதிரே வந்தார்கள். சவேத்தா விலகிப்போகச் சந்து தேடினாள். ரவேக்கா முந்திக்கொண்டாள். அந்தப் பெரிய குரலைப் பாதியாக மடித்து, பார்வையைக் கீரைக்கட்டில் வைத்துக்கொண்டு சொன்னாள்: "வணக்கம், தோழர்."

அதற்குப் பிறகு எங்கே கண்டாலும் அதுதான். பாலத்தில், தபாலாபீஸ் வாசலில், ரயில் நிலையத்தில். ஊரில் எல்லோருக்கும் ரவேக்கா சமாதானம் சொன்னாள், போலீஸ்காரருக்குக்கூடச் சொன்னாள். சவேத்தாவுக்கு மட்டும் வணக்கம், தோழர். ஒவ்வொரு முறையும் சவேத்தாவுக்கு நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதியைத்தான் பின்னால் அவளால் மன்னிக்க முடியவில்லை.

லீஜியாவுக்கு இடம் கிடைத்தது. படிப்பு முடியட்டும் என்றாள் சவேத்தா. முடிந்தது. வேலை கிடைக்கட்டும் என்றாள். ஊர் ஆஸ்பத்திரியிலேயே கிடைத்தது. வேலை நிரந்தரமாகட்டும் என்றாள். அலை ஓய்ந்த பிறகு கடலில் குளிக்கலாம் என்று காத்திருந்தவன் குளித்ததாக எங்கேயாவது கேட்டிருக்கிறோமா? ஞாயிறுதோறும் ஜெப வீட்டில் முறை வரும்போது முழந்தாளிட்டு ஒன்றையே கேட்பாள்: "ஆண்டவரே, தைரியத்தைக் கொடும்." சபை முழுக்க ஆமென் சொல்லும். அதில் ரவேக்காவின் ஆமென்தான் உரக்கக் கேட்கும்.

ஒரு குளிர்காலத்தில் ரவேக்கா நடைமேடையைத் துடைத்துக்கொண்டிருந்தபோதே சரிந்தாள். வலது பக்கம் விழுந்துவிட்டது, பேச்சும் போய்விட்டது என்று தொழிற்சாலையில் பேசிக்கொண்டார்கள். சவேத்தா வேலை முடிந்ததும் நேரே ஜெப வீட்டுக்குப் போனாள். யாரும் இல்லை. முழந்தாளிட்டாள். பயம் போகட்டும், எழுந்திருக்கலாம் என்று காத்திருந்தாள். போகவில்லை. முழங்கால் மரத்ததுதான் மிச்சம். இத்தனை வருஷமும் தான் கேட்டது தைரியமே இல்லை, பயம் வராத ஒரு நாளைத்தான் கேட்டுக்கொண்டிருந்தோம் என்று அங்கே அவளுக்கு உறைத்தது. அப்படி ஒரு நாளை ஆண்டவர் வைத்திருக்கவே இல்லை.

"பயத்தோடவே போறேன்" என்றாள். "நீரும் கூட வாரும்."

எழுந்தாள். முக்காட்டை ஜெப வீட்டு வாசலிலேயே தலையில் கட்டிக்கொண்டு, அலுவலக ஆட்கள் வெளியே வருகிற நேரம் பார்த்துத் தொழிற்சாலை வாசல் வழியாகவே ஆஸ்பத்திரிக்கு நடந்தாள். நெஞ்சு அடித்துக்கொண்டுதான் இருந்தது. கால்கள் அதைக் கேட்காமல் போய்க்கொண்டிருந்தன. ஆற்றில் தலை தூக்கிய நேரத்துக்குப் பிறகு அவள் பக்கத்தில் ஆண்டவர் இருந்தது அந்தத் தெருவில்தான்.

ஆஸ்பத்திரிக் கூடம் நிறைய ஆட்கள். சன்னலோரப் படுக்கையில் புஷ்காஷின் மனைவி பித்தப்பைக் கல்லோடு படுத்திருந்தாள். புஷ்காஷ் பக்கத்தில் உட்கார்ந்து ஆப்பிள் சீவிக்கொண்டிருந்தார். வெள்ளை உடுப்பில் லீஜியா மருந்துத் தட்டோடு நின்றாள். சவேத்தா நேரே ரவேக்காவிடம் போனாள். ரவேக்காவின் குரலில் எவ்வளவு கேட்குமோ அவ்வளவு கேட்கும்படி சொன்னாள்.

"சமாதானம், ரவேக்கா."

ஆப்பிள் சீவிய கத்தி நின்றது. ரவேக்கா கண் திறந்தாள். அந்தக் கண் முதலில் லீஜியாவிடம் போனது, பிறகு சன்னலோரம் புஷ்காஷிடம் போனது, பிறகுதான் சவேத்தாவிடம் வந்தது. கோணிப்போன வாயில் சொல்லைத் தேடித் தேடிச் சேர்த்தாள்.

"வ... வணக்கம்... தோழர்."

"வேண்டாம்டி. எல்லாரும் கேக்கத்தான் சொல்றேன். சமாதானம்."

ரவேக்கா மாட்டேன் என்று தலையசைத்தாள். அசைகிற ஒரு கையால் சவேத்தாவின் மணிக்கட்டைப் பிடித்து அழுத்தினாள். "பொண்ணு... நிக்குது."

அந்தப் பெண் வந்து அம்மாவின் தோளைத் தொட்டாள். முகம் வெளுத்திருந்தது. "அம்மா, பார்க்கிற நேரம் முடிஞ்சிடுச்சு. கிளம்பும்மா. அந்த முக்காட்டை மொதல்ல எடு, எல்லாரும் பாக்கறாங்க."

அது லீஜியாவின் குரல் இல்லை. அச்சு அசல் தன்னுடைய குரல் என்று சவேத்தாவுக்குத் தெரிந்தது. மகளுக்கென்று சேர்த்துவைத்த சொத்து அது ஒன்றுதான்.

"எடுக்க மாட்டேன் கண்ணு" என்றாள். ஆனால் கிளம்பிவிட்டாள். நாளைக்கு வந்து மறுபடி சொல்லலாம் என்று நினைத்தாள். விடிவதற்குள் ரவேக்கா போய்விட்டாள்.

அடக்கத்தன்று சவப்பெட்டிக்கு அடுத்த வரிசையில், கடைத்தெரு வழியாகப் பாடிக்கொண்டு நடந்தாள் சவேத்தா. மறுநாள் புஷ்காஷ் கூப்பிட்டு அனுப்பினார்.

"எவ்ளோ நாளா இது?"

"லீஜியா பள்ளிக்கூடத்துல படிக்கிறப்பலேர்ந்து, தோழர்."

"இத்தனை வருஷமா என் பிரிவுல இருந்திருக்கீங்க, எனக்குத் தெரியவே இல்லையே."

"அதான் தோழர், நான் பண்ணின பாவம்."

அவர் பேனாவை மூடி வைத்தார். ஒரு கூச்சல் இல்லை, மேசையில் ஒரு குத்து இல்லை. மேலிடத்துக்குப் பதில் சொல்லியாக வேண்டும், தையலிலிருந்து எடுத்துத் தரை பெருக்கப் போடுகிறேன் என்றார். சம்பளம் குறையும் என்றார். ஆஸ்பத்திரியில் லீஜியாவை யாரோ கூப்பிட்டு விசாரித்தார்கள், மாடி வார்டுக்கு மாற்றினார்கள், பிறகு மறந்துபோனார்கள்.

சவேத்தா சாமான் அறைக்குப் போய் விளக்குமாற்றையும் வாளியையும் வாங்கிக்கொண்டாள். தையல் வரிசைக்கு நடுவே பெருக்கிக்கொண்டு வரும்போது பாதியில் நின்றுவிட்டாள். இவ்வளவுதானா? இத்தனை வருஷமாகப் பயந்தது இந்த விளக்குமாற்றுக்குத்தானா? இதற்காகவா ரவேக்காவைத் தெருத்தெருவாகக் குரலை மடித்துக்கொண்டு போக வைத்தேன்?

அப்போதுதான் அழுகை வந்தது. ஒளிக்காமல், இயந்திரங்களின் சத்தத்துக்கு மேலே கேட்கும்படி அழுதாள்.