உப்பு மூட்டை ஏற்றிய பிக்கப்

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான்தான். எஸ்.எஸ்.எல்.சி. தேறியிருந்த புதிது. யாரும் கேட்காமலேயே கணக்குச் சொல்லும் பழக்கம் வந்திருந்தது.

தலைப்பிரசவத்துக்கு வந்திருந்த அக்காவுக்கு ஒரு நாள் காலையில் வலி கண்டது. வயிற்றைத் தடவிப் பார்த்த மருத்துவச்சி, "கொழந்த குறுக்கே கெடக்குது. வேலூருக்குக் கொண்டும் போங்க. வழியில வண்டி தூக்கிப் போடக் கூடாது" என்றாள்.

அப்பா வேலை செய்த, தோல் பதனிடும் ஷாப்பு எங்கள் வீட்டுக்குப் பின்னாலேயே இருந்தது. முதலாளி பிக்கப் வண்டியை எடுத்துப்போகச் சொன்னார். அதை ஓட்டிய பாய்க்கு முப்பது வயதுகூட இருக்காது. டேங்கில் குச்சியை விட்டுப் பார்த்து, "அஞ்சு லிட்டர் இருக்கு. பங்க்ல ரெண்டு நாளா ஸ்டாக் இல்ல" என்றார். அடுத்த மூச்சிலேயே, தோலுக்குப் போடும் உப்பு மூட்டைகளைக் காட்டி, "எட்டு மூட்டை ஏத்துங்க" என்றார்.

நான் குறுக்கே போய் நின்றேன். காலி வண்டி லிட்டருக்குப் பத்து கிலோமீட்டர் ஓடும், சுமை ஏறினால் எட்டுதான் என்று அவரே சொல்லிக் கேட்டிருக்கிறேன். வேலூருக்கு மண்ரோடு எட்டு கிலோமீட்டர், மெயின் ரோடு முப்பத்தைந்து. ஆக நாற்பத்து மூன்று.

"அஞ்செட்டு நாப்பது. மூணு கிலோமீட்டர் முன்னாடியே நின்னுடும் பாய். மூட்டை வேணாம்."

சுற்றி நின்ற ஆட்கள் என்னைப் பார்த்தார்கள். எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

"காலி வண்டி டீசல் கம்மியாத்தான் குடிக்கும் தங்கச்சி. ஆனா அக்காவைப் பந்து மாதிரி தூக்கிப் போடும். அது பரவாயில்லயா?" என்றார் பாய். "வெயிட்டு ஏறுனாத்தான் அடியில இருக்கற ஸ்பிரிங் பட்டை அமுங்கும்."

அப்பா முதல் மூட்டையைத் தூக்கினார். மூட்டைகளைப் பரப்பி, மேலே வைக்கோலும் மெத்தையும் போட்டு அக்காவைப் படுக்க வைத்தோம். அம்மா தலைமாட்டில் உட்கார்ந்தாள், நான் பக்கத்தில். அப்பா முன்னால் பாயோடு ஏறிக்கொண்டார்.

அந்த மண்ரோட்டில் சைக்கிளில் போனாலே பல் ஆடும். காலியாக வரும் இதே பிக்கப் பள்ளத்துக்குப் பள்ளம் குதித்து, பின்கதவு தடதடப்பதை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். அன்று அது குதிக்கவில்லை. பெரிய பள்ளங்களில்கூட மெல்ல இறங்கி, மெல்ல ஏறியது. வலி வரும்போது அக்கா என் கையை நெரித்தாள். வண்டி அசைந்ததற்காக ஒரு முறையும் நெரிக்கவில்லை. இரும்புப் பட்டைகளுக்குள் இத்தனை பதம் இருக்குமென்று எந்தப் பாடத்திலும் நான் படித்ததில்லை. ஆனால் மனசுக்குள் டீசல் குறைந்துகொண்டே வந்தது.

மெயின் ரோடு வந்ததும் பாய் ஒரு பஞ்சர் கடை ஓரம் நிறுத்தினார். அக்காவை மெத்தையோடு கொஞ்சம் தூக்கிப் பிடித்தோம். கடைக்காரரும் அப்பாவும் பாயும் எட்டு மூட்டையையும் இறக்கி, கடைச் சுவரோரம் அடுக்கினார்கள்.

"இனிமே தார் ரோடு. இன்னா தங்கச்சி, இப்ப கணக்குப் போடு."

போட்டேன். மண்ரோட்டுக்கு ஒரு லிட்டர், மிச்சத்துக்கு மூன்றரை. அரை லிட்டர் கையிருப்பு. முழு வழியையும் ஒரே ரோடாக வைத்து நான் பெருக்கியிருந்தேன். அவர் குச்சியை வெளியே எடுக்கும்போதே வழியை இரண்டாகப் பிரித்திருக்கிறார்.

வண்டி நிற்காமல் வேலூர் போய்ச் சேர்ந்தது. ஆஸ்பத்திரியில் அக்காவை நேராக ஆபரேஷனுக்குக் கொண்டுபோனார்கள். சாயங்காலம் நர்ஸ் வெளியே வந்து, ரெண்டு பேரும் நல்லாயிருக்காங்க என்று சொல்லி, துணியில் சுற்றிய பெண் குழந்தையை என்னிடம் கொடுத்தார்.

வார்டு வாசலில் அப்பாவும் பாயும் நின்றிருந்தார்கள். குழந்தையை முதலில் பாயிடம்தான் காட்டினேன்.