மில்லுக்குப் போகாத மூன்று வெள்ளிக்கிழமைகள்

நீல அட்டை போட்ட ஒரு சீ.ஆர். கொப்பி, தடித்த பதிவு நோட்டு, என் மேசையில் விரிந்து கிடக்கிறது. இடப்பக்கம் மேலிருந்து கீழாக நிறங்களின் பெயர்கள்: சிவப்பு மஞ்சள், சிவப்பு வெள்ளை, பச்சை நீலம். ஒவ்வொன்றும் ஒரு ஊர்க்குருவி. அதன் காலில் மாட்டிய இரண்டு பிளாஸ்டிக் வளையங்களின் நிறமே அதன் பெயர். மேலே இடமிருந்து வலமாகத் திகதிகள். நடுவிலுள்ள கட்டங்களில் ஒன்று அல்லது பூச்சியம். கண்டால் ஒன்று, காணாவிட்டால் பூச்சியம். இரண்டு வருடக் கொப்பியில் வெறுமையான கட்டம் ஒன்றுகூட இல்லை. முன்பு இதை வருவோர் போவோருக்கெல்லாம் விரித்துக் காட்டியிருக்கிறேன்.

இந்தக் கொப்பியை எனக்குத் தந்தவர், பல்கலைக்கழகக் கம்பஸில் விலங்கியல் படிப்பித்த ஒரு மிஸ். அட்டாளைச்சேனைக்காரி, என் மூத்த மகளைவிட இரண்டு வயது இளையவர். கல்முனை பசாரில் பழைய கடைக்காரர்கள் வாசல் நிலைக்கு மேலே குருவிக்காகச் சின்னப் பெட்டி அடித்து வைப்பார்கள், கூடு கட்டினால் கடைக்குப் பரகத், வளம் சேரும் என்று. அந்தப் பெட்டிகளைத் தேடி ஸ்கூட்டியில் வந்தவர், எந்தெந்தக் கடையில் எப்போதிருந்து குருவி இருக்கிறது என்று விசாரித்திருக்கிறார். "திகதி கேக்கிறெண்டா கிளாக்கர் காக்காட்டப் போங்க மிஸ். பசாருல எந்தக் கடை எண்டைக்குத் தொறந்த எண்டும் அவருட்ட இரிக்கி" என்று யாரோ சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். அது உண்மைதான். முப்பத்தொரு வருடம் அரச அலுவலகத்தில் எழுதுவினைஞனாக இருந்தவன் நான்; அதனால் ஊருக்கே கிளாக்கர் காக்கா, கிளாக்கர் அண்ணன். முதல் மழை விழுந்த நாள், கடல் இரைந்து தோணி போகாத நாள், எங்கள் பள்ளிவாசல் மஹல்லாவில் மௌத்தானவர்களின் பெயர், இறந்த திகதி எல்லாவற்றையும் யாரும் கேட்காமலே எழுதி வைத்திருந்தேன். கேட்டு வந்த முதல் ஆள் மிஸ்தான்.

இரண்டு இடங்களில் வேலை. ஒன்று பசார். மற்றது ஊருக்கு மேற்கே, வயல் தொடங்கும் இடத்திலுள்ள நெல் மில். மெல்லிய வலையில் குருவியைப் பிடித்து, சின்னத் துணிப் பையில் போட்டுத் தராசில் நிறுத்து, சிறகையும் காலையும் அளந்து, வளையம் மாட்டி விட்டுவிடுவோம். அதன்பின் இரண்டு கிழமைக்கு, அதாவது பதினான்கு நாளுக்கு, ஒரு முறை நான் போய், எந்தெந்த நிறம் இருக்கிறது என்று பார்த்துக் குறிக்க வேண்டும். மில்லுக்கு வெள்ளி காலை. ஜும்ஆத் தொழுகைக்காக அன்று மெஷின் ஓடாது, குருவிகள் பயமில்லாமல் முற்றத்துக்கு இறங்கும். மில் முதலாளிக்கு எங்களைக் கண்டால் பகிடி. "கிளாக்கர் காக்கா, குருவிக்கெல்லாம் ஐடென்டி குடுத்தாச்சி. இனி வோட்டும் போடுமா?" "போட்டா உங்களுக்குப் போடாது முதலாளி. மில்லுத் தூசில கண் தெரியாம நிக்கிதுகள்" என்று மிஸ் சொன்னதும் அவரே பெரிதாகச் சிரித்தார்.

குருவியை எண்ணி என்ன காணப் போகிறீர்கள் என்று ஒருநாள் கேட்டேன். இயற்கை யாரை விட்டுவைக்கிறது, யாரை எடுக்கிறது என்று பார்க்கிறேன் என்றார். ஒரு கடும் மழைக்கு முன்பு இருந்த குருவிகளின் சராசரி எடை என்ன, மழைக்குப் பிறகும் உயிரோடு இருப்பவற்றின் எடை மழைக்கு முன் என்னவாக இருந்தது, அந்த வித்தியாசம் தற்செயலாக வரக்கூடியதா இல்லையா என்பதைக் கணக்கு சொல்லும். கூட்டத்தில் நின்று பார்த்தால் எல்லாம் ஒரே குருவிதான்; புள்ளிவிபரத்துக்குள் போட்டால்தான் தேர்வு நடப்பது கண்ணுக்குத் தெரியும் என்றார். பிறகு என் பேனையை வாங்கி, கொப்பியின் உள்ளட்டையில் ஒரு சின்னக் கோடு கீறிக் காட்டினார். "காக்கா, காணாத குருவி செத்த குருவி இல்ல. நீங்க போய்ப் பாத்தும் காணாட்டி பூச்சியம். போகாத நாளைக்கு இந்தக் கோடு. ரெண்டையும் கலந்துட்டீங்களெண்டா என்ட கணக்குக்கு ஒண்டும் விளங்காது." ஓம் என்று தலையாட்டினேன். அந்தக் கோடு இன்னும் அங்கே இருக்கிறது.

இரண்டாம் வருட மார்கழியில், மிஸ் காத்திருந்த மழை வந்தது. ஒன்பது நாள் விடாத அடை மழை. மில்லுக்குப் போகும் வழி இடுப்பளவு தண்ணீருக்குள் போய்விட்டது. முதல் வெள்ளி போக முடியவில்லை. இரண்டு கிழமை கழித்து வந்த இரண்டாம் வெள்ளியில் தண்ணீர் முழங்காலளவு. ஊரில் மற்றவர்கள் அதற்குள்ளால் போய் வந்தார்கள், நான் போகவில்லை. மூன்றாவது வெள்ளிக்குக் காரணமே இல்லை. வெயில் எறித்தது. நான் வீட்டில் பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கோடு போட்டிருக்கலாம். ஆனால் மூன்று முறையும் கோடு போட்டால் கிளாக்கர் காக்கா போகவில்லை என்பது பளிச்சென்று தெரியும். அதோடு என் கைக்கு அலுவலகப் பழக்கம் ஒன்று இருந்தது. அங்கே வெறுமையாக விட்ட கட்டம் விளக்கம் கேட்டுத் திரும்பி வரும். அனுப்ப ஒன்றுமில்லாத மாதத்திலும் "இல்லை" என்று எழுதி அனுப்பினால் எவரும் எதுவும் கேட்கமாட்டார்கள். மில்லில் இருந்த பதினேழு குருவிகளுக்கும் அந்த மூன்று திகதிகளின் கீழும் பூச்சியம் இட்டேன். கையெழுத்து நன்றாகவே வந்தது. அதற்குப் பின், தேவையான எண்கள் கிடைத்துவிட்டன என்று மிஸ் வேலையை நிறுத்திவிட்டார், நானும் மில் பக்கம் போகவில்லை.

மில் குருவிகள் குறுணல் அரிசி தின்று வளர்ந்தவை. பசார்க் குருவிகளைவிடக் கனமானவை. கொப்பியின்படி, மழைக்குப் பிறகு பசார்க் குருவிகளில் பெரும்பாலானவை இருந்தன, மில் குருவி ஒன்றும் இல்லை. கணக்கு என்ன சொல்லும்? சில மாதம் கழித்து மிஸ் எங்கள் வீட்டுக்கு ஓடி வந்தார். "காக்கா, கனம் கூடினதுகள்தான் போயிரிக்கி! எல்லாரும் மாறித்தானே நினைப்பாங்க, கொழுத்ததுதான் தாக்குப் பிடிக்குமெண்டு. எத்தின தரம் போட்டுப் பாத்தும் அதுதான் வருது." அவ்வளவு சந்தோஷத்தை அந்த முகத்தில் நான் அதற்கு முன் கண்டதில்லை. என் மனைவி தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தாள். நானும் சிரித்தேன். அப்போது சொல்லியிருந்தால் ஒரு கிழமை வேலைதான் வீணாகியிருக்கும். அந்தக் கட்டுரை அச்சில் வந்தது. முடிவில் எனக்கு நன்றி சொல்லி ஒரு வரி இருந்தது. "மிகக் கவனமான பதிவாளர்" என்று.

அதற்கு அடுத்த வருடம் சிறுபோக நெல் வெட்டு முடிந்து, வீட்டு நெல்லைக் குற்றுவதற்காக மில்லுக்குப் போனேன். முற்றத்துத் தவிட்டில் ஒரு பெட்டைக் குருவி புரண்டு குளித்துக்கொண்டிருந்தது. காலில் சிவப்பு, அதற்குக் கீழே மஞ்சள். கொஞ்சம் தள்ளிப் பச்சை நீலம். நான் நின்ற இடத்திலேயே நின்றேன். முதலாளி பின்னால் வந்தார். "என்ன காக்கா, பேயைக் கண்ட மாதிரி நிக்கிறீங்க?" இந்தக் குருவிகள் எப்போது திரும்பி வந்தன என்று கேட்டேன். "திரும்பி வாறதுக்கு அதுகள் எங்க போன? அந்த மழைக்குள்ளயும் இந்தக் கூரைக்குள்ளதான் நிண்டிச்சி. நீங்கதான் வரல்ல."

அன்று ஒன்பது வளையக் குருவிகளை எண்ணினேன். நான் சாகடித்த ஒன்பது. மிஸ்ஸிடம் சொல்லவில்லை. அந்தக் கட்டுரையால் அவருக்கு மேற்படிப்பு கிடைத்து, வெளிநாடு போக ஆயத்தமாகிக்கொண்டிருந்தார். அதைக் கெடுக்கக் கூடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையில் நான் காப்பாற்றியது அவரை அல்ல, அந்த நன்றி வரியை.

எனக்குக் கட்டம் வெறுமையாக விடத் தெரியாது என்று சொல்லித் தப்பவும் முடியாது. என் மௌத்துக் கொப்பியில், கடல் பொங்கி வந்த அன்று போன ஒருவரின் பெயர் இருக்கிறது. அடக்கம் செய்ய மையித்து கிடைக்கவில்லை. அவருடைய உம்மா என்னிடம் வந்து, "மனே, என்ட புள்ளக்கி திகதி போட்றாதீங்க. ஆரும் கண்ணால காணல்ல" என்றார். நான் போடவில்லை. இத்தனை வருடமாக அந்த இடம் வெறுமையாகத்தான் இருக்கிறது. காணாததை மௌத்து என்று எழுதக் கூடாது என்பது எனக்குத் தெரிந்துதான் இருந்தது. குருவிதானே என்று நினைத்துவிட்டேன்.

மிஸ் போய் ஆறு வருடம். போன வாரம் அவர் வட்ஸ்அப்பில் எழுதியிருந்தார்: எங்கள் பசார்க் குருவிகளையும் மில் குருவிகளையும் வைத்துப் பெரிய ஆராய்ச்சி ஒன்று தொடங்குகிறார், பழைய கொப்பியின் பக்கங்களைப் படம் பிடித்து அனுப்ப முடியுமா? இரண்டு நாள் யோசித்தேன். மூன்றாம் நாள் அந்தப் பக்கத்தை எடுத்து, அந்த மூன்று திகதிகளுக்கும் மேலே சிவப்புப் பேனையால் "போகவில்லை" என்று எழுதிப் படம் எடுத்தேன். மில்லில் கண்ட ஒன்பது குருவிகளையும், கண்ட திகதியையும் கீழே எழுதி அனுப்பினேன்.

அவர் கோபித்திருந்தால் தாங்கியிருப்பேன். மறுநாள் ஒரு வரி வந்தது: "காக்கா, இப்படி வேற பக்கங்களும் இரிக்கா?"

அதற்குத்தான் இந்தக் கொப்பி மேசையில் விரிந்து கிடக்கிறது. நேற்றுக் காலையிலிருந்து ஒவ்வொரு பக்கமாகப் புரட்டுகிறேன். நோன்பு நாட்கள், மகளுக்குப் பிள்ளை கிடைத்த கிழமை, எனக்குக் காய்ச்சல் வந்த மாதம். எதில் போனேன், எதில் போகவில்லை? எல்லாப் பூச்சியங்களும் ஒரே மையில், ஒரே அளவில், ஒரே அழகில் இருக்கின்றன. ஒரு கட்டமும் வெறுமையாக இல்லை. மிஸ்ஸின் கேள்விக்குக் கீழே நான் இன்னும் எதுவும் எழுதவில்லை.