வாளியில் துப்பிய வைன்

நுவரெலியாவில் துரைமாரின் கிளப்பொன்றில் நான் கிளாக்கராக இருந்தபோது, அங்கே கிளாஸ் கழுவுகிறவர் ஒருவர் இருந்தார். ஒல்லியானவர், காதில் கடுக்கன். அதற்குமுன் தேயிலை ருசி பார்க்கும் துரையொருவருக்குக் கோப்பை கழுவியவர். அந்தப் பழக்கத்தில் எதையும் சத்தமாக உறிஞ்சி, நாக்கில் உருட்டித் துப்பிவிடுவார்.

விருந்துக்கு விலை குறைந்த வைன்களில் நல்லதைத் தெரிவுசெய்யும்படி செயலாளர் துரை என்னிடம் சொன்னார். எனக்கு வைன் தெரியும் என்று பீற்றியிருந்தேன். உண்மையில் தெரியாது. கிளாஸ் கழுவுகிறவரைத்தான் கூப்பிட்டேன்.

இரண்டு சிவப்பு வைன்களை ருசித்து வாளியில் துப்பினார். "மொதலாவது ரொம்ப நேரம் ஊறுன தேத்தண்ணி மாதிரி நாக்கப் புடிக்குதுங்கய்யா. அடுத்தது தேவலாம்."

வெள்ளை வைனை முகர்ந்தவர் முகம் சுளித்தார். "புளிச்ச காடிங்க! இதக் குடுத்தா நம்ம ரெண்டு பேருக்கும் சீட்டு கிழிஞ்சிரும்."

இருவரும் சிரித்தோம். அவர் சொன்னதை என் கருத்தாக எழுதிக்கொண்டேன்.

அந்த நேரம் செயலாளர் துரை உள்ளே வந்தார். வாடையை உணர்ந்து, "நீ குடிச்சியா?" என்று கிளாஸ் கழுவுகிறவரைக் கேட்டார்.

"இல்லீங்க தொர, துப்பிட்டேனுங்க," என்று அவர் என்னைப் பார்த்தார்.

துப்பிய வைன் கிடந்த வாளியை நான் காட்டியிருந்தால் போதும், அவர் தப்பியிருப்பார். ஆனால் காட்டினால் ருசி பார்த்தது நானல்ல என்று தெரிந்துவிடும். வாளியைக் காலால் மேசைக்கடியில் தள்ளினேன்.

அப்போதே அவர் வேலை போயிற்று. விருந்தன்று துரை என் தெரிவைப் புகழ்ந்து கைகுலுக்கினார்.

வேலை போன அன்று, வெளியேறுமுன் கிளாஸ் கழுவுகிறவர் குனிந்து அந்த வாளியை எடுத்தார். துரை இன்னும் அங்கேதான் நின்றார். கழுவுகிறவரோ அதை அவருக்குக் காட்டவில்லை. கழுவிக் கவிழ்த்துவைத்துவிட்டுப் போனார். ஏன் என்று எனக்கு இன்றும் விளங்கவில்லை.