எலியாவின் இரண்டு வீரர்களும் ஒரு மரண அறிவிப்பும்

பாறசாலைக்கும் பொழியூருக்கும் இடையே இருபத்திரண்டு வருடமாக யார் இறந்தாலும் எலியா சொல்லித்தான் ஊருக்குத் தெரியும். மோகனனுடைய ஜீப்பின் தலையில் கோளாம்பி ஒலிபெருக்கியைக் கட்டி, முன்சீட்டில் மைக்கோடு உட்கார்ந்து, முதலில் மலையாளத்திலும் பிறகு தமிழிலும் சொல்லிக்கொண்டு போவார். மற்ற இடங்களில் ஒருமுறை பதிவு செய்து திரும்பத் திரும்ப ஓட விடுகிறார்கள். எலியாவுக்கு அது மரியாதைக் குறைவு. செத்தவர் ஒவ்வொரு முக்கிலும் தனித்தனியாகச் சாக வேண்டும் என்பதுபோல ஒவ்வொரு முக்கிலும் புதிதாகச் சொல்வார்.

நேரில் அவருக்குக் கொஞ்சம் மூக்கடைத்த, சாதாரணக் குரல். மைக்கைக் கண்டால்தான் அடிவயிற்றிலிருந்து அந்தக் கனத்த குரல் வரும். உயிரோடிருந்தபோது யாரும் மதிக்காதவர்களைக்கூட அந்தக் குரல் ஒரு சாயங்காலத்துக்குப் பெரிய மனிதர்களாக்கியது. "சாவணும்னா எலியா உள்ளப்பமே செத்துரணும்" என்று சந்தையில் வேடிக்கையாகச் சொல்வார்கள். எலியா அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டார்.

வினையும் அந்தக் குரலால்தான் வந்தது. இரண்டு படக்கதைக் கம்பெனிகளின் நாயகர்களான இடிமுகனும் நிழற்புலியும் 'இரண்டு வானம்' என்ற எட்டுப் பாகத் தொடரில் முதல்முறையாக மோதிக்கொண்டார்கள். மோதினார்களே தவிர, ஒருவரும் ஜெயிக்கவில்லை. தன் ஆள் தோற்கக் கூடாது என்று இரண்டு கம்பெனியும் ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்கியிருந்தன. கதையின் பின்னாலேயே பொம்மைகள் வந்தன. வயிற்றை அமுக்கினால் பேசும். அதற்குத் தமிழும் மலையாளமும் தெரிந்த கனத்த குரல் ஒன்று தேவைப்பட்டது. ஒரு துக்க வீட்டுக்கு வந்த இடத்தில் எலியாவின் குரலைக் கேட்ட ஒலிப்பதிவுக்காரர் ஒருவர் அவரைத் திருவனந்தபுரத்துக்கு அழைத்துப் போனார்.

இரண்டு வீரர்களுக்கும் எலியாவே பேசினார். காலையில் இடிமுகனாக நின்று நிழற்புலியைச் சபித்தார். மதிய ஊணுக்குப் பிறகு நிழற்புலியாக நின்று இடிமுகனுக்குப் பதில் கொடுத்தார். "எனக்கு மரணம் இல்லை!" என்பது இருவருக்கும் பொது வசனம். மரணத்தை அறிவித்தே பழகிய தொண்டை, அதை முதல் தடவையிலேயே சரியாகச் சொல்லிவிட்டது.

நெய்யாற்றின்கரையில் பொம்மைகளை விற்ற கடைக்காரர் விளம்பரத்துக்கும் அதே குரலைக் கேட்டார். குரல் போகும் இடத்துக்கு ஜீப்பும் போகும். இரண்டு வாரம் கடற்கரைச் சாலை முழுக்க இடிமுகன் உறுமினான். பின்னால் ஓடிவந்த பிள்ளைகளுக்கு மோகனன் ஸ்டிக்கர்களை வீசினார். அது முடிந்த நாலாம் நாள் ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவரின் மரணத்தைச் சொல்லிப் போனபோதும் பிள்ளைகள் அப்படியே ஓடிவந்தார்கள். "ஸ்டிக்கர் இல்லியா?" என்று கேட்டார்கள்.

அடுத்த வாரம் எலியாவின் அண்ணன் வேதமாணிக்கம் இறந்தார்.

வேதமாணிக்கம் முப்பது வருடம் பொழியூரில் வள்ளங்களின் என்ஜின் பழுது பார்த்தவர். அந்தக் கடற்கரை ஆட்கள்தான் தன் பெட்டியைச் சுமக்க வேண்டுமென்று சொல்லி வைத்திருந்தார். அடக்கம் மறுநாள் பகல் பதினொரு மணிக்கு. விடிவதற்குள் வள்ளங்கள் கடலில் இறங்கிவிடும். ஆகவே அன்று சாயங்காலத்துக்குள் சேதி சேர வேண்டும்.

சபைச் செயலாளர் சுவாமிதாஸ் எலியாவை முற்றத்தின் ஓரத்துக்குக் கூப்பிட்டார். "எலியாண்ணே, கோவப்படப்பிடாது. நம்ம பிந்து டீச்சருக்க குரலிலே பதிவு பண்ணி விடுவோம். நல்ல குரலாக்கும்."

"எனக்க அண்ணன் செத்ததை வேற ஆளு சொல்லணுமா ஓய்?"

"பிள்ளியள் ஒம்ம குரலைக் கேட்டாலே சிரிக்கினும்."

"சிரிக்கட்டு. ரெண்டு முக்கிலே சிரிச்சுட்டு, மூணாவது முக்கிலே நிறுத்திருவினும்."

பெட்டியின் அருகே இருந்த அண்ணி கிருபாபாய் தலை நிமிராமலேயே சொன்னாள்: "கொழுந்தனே சொல்லட்டு. இந்த ஊரிலே எல்லாருக்கும் சொன்ன வாய்தானே."

மூன்று மணிக்கு ஜீப் புறப்பட்டது. பாறசாலையில் பரவாயில்லை. கடல் நெருங்க நெருங்கப் பிள்ளைகள் சேர்ந்தார்கள். பொழியூர் எல்லையில் எலியா தன் முழுக் குரலையும் எடுத்தார்: "பாறசாலை, வேதமாணிக்கம் அவர்கள் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்…" பத்துப் பதினைந்து பிள்ளைகள் கைதட்டினார்கள். ஒருத்தி தன் குழந்தையை இடுப்பில் தூக்கி ஜீப்பைக் காட்டினாள். வலை பின்னிக்கொண்டிருந்த ஆண்கள் தலை திருப்பிப் பார்த்துவிட்டு மறுபடி வலைக்குத் திரும்பினார்கள்.

"இன்னொருக்கச் சொல்லுங்க" என்றார் மோகனன்.

எலியா இன்னொரு தடவை தொடங்கினார். இருபத்திரண்டு வருடத்தில் முதல்முறையாக வாசகம் மறந்து, "எனக்க அண்ணன் போயாச்சு… எனக்க அண்ணன்…" என்று மைக்கில் அழுதார்.

ஜீப்பின் பக்கத்தில் ஓடிவந்த சிறுமி கூட்டாளியிடம் விளக்கினாள்: "ஆறாம் பாகத்திலே நிழற்புலிக்க அண்ணன் சாவும்லா? அதாக்கும் இது!"

மோகனன் வண்டியை நிறுத்தினார். எலியா மைக்கை இருக்கையில் வைத்துவிட்டு இறங்கினார். மணலில் செருப்பு புதைய, வலைக்காரர்களிடம் நடந்து போனார்.

"செல்லையா, அண்ணன் செத்துப்போனான்" என்றார், தன் மூக்கடைத்த குரலில்.

செல்லையன் எழுந்து நின்றுவிட்டார். "வேதமாணிக்கமா? எப்பம்? நீரு ஒரு வார்த்தை சொல்லப்பிடாதா?"

"இப்பம் மைக்கிலே சொன்னேன்லா."

"அது கடைக்காரனுக்க வண்டின்னுல்லா நெனச்சோம்!"

எலியா இருட்டும்வரை வீடு வீடாக நடந்தார். முழுக்க முடியவில்லை. மறுநாள் செல்லையனும் இன்னும் ஏழு பேரும் வந்து பெட்டியைத் தூக்கினார்கள். அதற்கு அது போதும். ஆனால் வேதமாணிக்கத்தோடு முப்பது வருடம் பழகிய பெரும்பாலோர் அந்நேரம் கடலில் இருந்தார்கள். மூன்றாம் நாள் அவர்கள் கூட்டமாக வந்து வெறும் முற்றத்தில் நின்றார்கள். கிருபாபாய் எல்லாருக்கும் பாலில்லாத கட்டன்சாயா கொடுத்தாள். எலியாவை ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலை என்று அவருக்கு இருந்தது.

அதற்குப் பிறகு எலியா மைக்கைத் தொடவில்லை. மரணம் நடந்தால் வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு நடந்தே போய் வீட்டு வாசலில் நின்று சொல்கிறார். நாளுக்கு அறுபது வீடு. ஒருவரும் சிரிப்பதில்லை. மைக்கில் சொன்னபோது பாதியைக் காற்று கொண்டுபோகும். இப்போது ஒரு சொல்லும் வீணாவதில்லை. அந்த வகையில் அவர் ஜெயித்துவிட்டார் என்றே சொல்ல வேண்டும்.

போன மாதம் ஒரு காலை, மத்தி மலிவாகக் கிடைக்கிறதென்று கேள்விப்பட்டுப் பையோடு பொழியூருக்குப் போனார். தெருமுனையில் அந்தத் தெருப் பெண் லிஜி துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். எலியாவைக் கண்டதும் ஈரச் சேலை கையிலிருந்து நழுவியது.

"ஆரு மாமா செத்தது?"

"ஆருமில்ல மக்கா. மீன் வாங்க வாறேன்."

அவள் நம்பவில்லை. எலியா பையை விரித்துக் காட்டினார். லிஜி அதையும் பார்த்தாள்; பிறகு உள்ளே ஓடி, வளைகுடாவில் இருக்கும் கணவனுக்குப் போன் போட்டாள்.