பாண்காரக் காலிதீனின் குறட்டை

கல்முனையில் காலிதீனைத் தெரியாதவர்கள் இருக்கலாம், அவன் சத்தம் தெரியாதவர்கள் இல்லை. பாணும் பனிசும் மீன் வைத்த மாலுபாணும் அடுக்கிய கண்ணாடிப் பெட்டியோடு அவனுடைய மூன்று சக்கர வண்டி வருவதற்கு இரண்டு தெரு முன்னாலேயே அந்த டிங்டிங் பாட்டு வந்துவிடும். கடற்கரை வீதிக்குள் திரும்பினால் பாட்டை இன்னும் கூட்டிவிடுவான். "காது பிஞ்சிடும்டா, குறை" என்று எத்தனையோ தரம் ஏசியிருக்கிறேன். எனக்குக் கோபம் சட்டென்று வரும். சந்தைக்குப் பக்கத்தில் கடை வைத்து நாள் முழுக்க ஆணியும் பூட்டும் விற்கிறவனுக்குப் பொறுமை மிஞ்சாது. ஆனாலும் அவன் ஏன் கூட்டுகிறான் என்று எனக்குத் தெரியும். கடல் அவன் காதில் விழக் கூடாது, அவ்வளவுதான்.

சுனாமி வந்த ஞாயிற்றுக்கிழமை அவன் தூங்கிக்கொண்டிருந்தான். அப்போது அவனுக்கு ஒரு பேக்கரியில் இராவேலை. விடியும் வரை போறணைச் சூட்டில் நின்றுவிட்டு, சுபஹ் தொழுதுவிட்டு வந்து படுத்தவன். மனைவி ஸப்னா தன் தாய் சபியா உம்மாவோடு சவளக்கடையில் ஒரு கலியாண வீட்டுக்குப் போயிருந்தாள். மகனைப் பார்க்க வந்திருந்த காலிதீனின் உம்மா, சனம் ஓடுவதைக் கண்டு தானும் மெயின் வீதி வரைக்கும் ஓடியவர்தான். "என்ட புள்ள தூங்குறான்" என்று சொல்லிக்கொண்டு திரும்பிப் போனார். அவர் உலுப்பி எழுப்பியதால் அவன் எழும்பித் தென்னையைப் பிடித்துப் பிழைத்தான். உம்மாவைக் கடல் கொண்டுபோய்விட்டது.

அதற்குப் பிறகு அவன் கடலுக்குப் பக்கத்தில் கண் மூடியதில்லை. கடற்கரை வீதியில் இருந்த ஸப்னாவின் சீதன வீட்டைத் திரும்பவும் கட்டி, சுவருக்குத் தீந்தையும் அடித்தாயிற்று. அது பூட்டியே கிடந்தது. இவர்கள் சவளக்கடையில் வயலுக்கு நடுவே ஒரு வாடகை வீட்டில் இருந்தார்கள்.

நாட்டில் சண்டை முடிந்து இரண்டாம் வருடம் ஸப்னாவின் தங்கை றபீக்காவுக்குக் கலியாணம் பேசினார்கள். எங்கள் பக்கத்தில் பெண்ணுக்கு வீடில்லாமல் கலியாணம் நடக்காது. சபியா உம்மா மருமகனைக் கூப்பிட்டு முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார்: "ஆள் குடியிரிக்காத வீட்ட பூட்டி வெச்சி அழகு பாக்கவா? நோன்புக்கு முதல் வந்து இரிங்க. இல்லயெண்டா றபீக்காட பேருக்கு எழுதிடுவன்."

ஸப்னா அழவில்லை. அழுதிருந்தால் காலிதீன் ஏதாவது சொல்லிச் சமாளித்திருப்பான். அவள் கதைப்பதையே நிறுத்திவிட்டாள்.

இந்த நேரத்தில்தான் பிரசாந் வந்தான். கல்முனைத் தமிழ்ப் பகுதிக்காரன், எங்களோடு கிரிக்கெட் விளையாடி வளர்ந்தவன், வங்கியில் வேலை. அலறுகிற இங்கிலீசுப் பாட்டில் அவனுக்குப் பைத்தியம். அந்தப் பைத்தியத்தைக் காலிதீனுக்கும் ஒட்டவைத்தவன் அவன்தான். பாண் விற்று முடிந்ததும் காலிதீன் வண்டியில் அதைத்தான் போடுவான். கேட்டால், "நம்மட பாட்டெல்லாம் அழுவுறாங்கடா. இதுல ஒருத்தனும் அழுவுறல்ல, ஏசுறான்" என்பான்.

"அறுகம்பேயில மூணு நாள் றொக் திருவிழா மச்சான். கடற்கரையில கூடாரம் அடிச்சித் தங்கலாம்" என்றான் பிரசாந்.

"கடற்கரையிலயா? நீ போ."

"அங்க கடலே கேக்காதுடா. தென்னமர உசரத்துக்கு ஸ்பீக்கர் கட்டுறானுகள்."

காலிதீன் யோசித்தான். கதவடியில் நின்ற ஸப்னா பல நாட்களுக்குப் பிறகு வாய் திறந்தாள். "போங்க. கடலுக்குப் பக்கத்துல ஒருக்காத் தூங்கிட்டு வாங்க. அங்க தூங்கினா நம்மட வீட்டுலயும் தூங்கலாம். தூக்கம் வரல்லயெண்டா வீட்ட தங்கச்சிக்குக் குடுக்கட்டும், நான் ஒண்டும் கதைக்க மாட்டன்." பிறகு என்னைப் பார்த்தாள். "ஸமட் காக்கா, நீங்களும் கூடப் போங்க."

எனக்கு அந்தப் பாட்டும் பிடிக்காது, மணலும் பிடிக்காது. ஆனாலும் போனேன். மூன்று சக்கர வண்டி ஓட்டுகிற எங்கள் கூட்டாளி மிஹ்லாரும் சேர்ந்துகொண்டான்.

படுக்கையைச் சுருட்டிக்கொண்டு நாலு ஆம்பிளைகள் மூன்று நாள் வெளியே போவதென்றால் எங்களுக்குத் தெரிந்தது ஒரே முறைதான்: ஜமாஅத். ஊர் ஊராகப் போய், பள்ளியில் தங்கி, மார்க்கம் கதைத்து, தாங்களே சமைத்துத் தின்று வருவது. அதனால் அந்த முறையிலேயே கட்டினோம். பாய்கள், மண்ணெண்ணெய் அடுப்பு, அரிசி, மாட்டிறைச்சி, எல்லோரும் சுற்றியிருந்து ஒன்றாகச் சாப்பிடப் பெரிய சகன் தட்டு. வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்ததும் மிஹ்லாரின் மூன்று சக்கர வண்டியில் இதையெல்லாம் ஏற்றிக்கொண்டிருந்தபோது எங்கள் தெரு முகைதீன்பாவா ஹாஜியார் கண்டுவிட்டார்.

"மாஷா அல்லாஹ். மூணு நாளா மனே?"

மிஹ்லார் உண்மையைச் சொல்ல வாயைத் திறந்தான். நான் அவன் காலை மிதித்தேன்.

"ஓம் ஹாஜியார், மூணு நாள்தான்" என்றான் காலிதீன். அதில் பொய் இல்லை.

ஹாஜியார் வீட்டுக்குள் போய் ஒரு சீப்பு வாழைப்பழம் கொண்டுவந்து தந்து, தனக்கும் துஆச் செய்யச் சொன்னார். பிறகு பிரசாந்தைப் பார்த்தார். அவன் நெஞ்சில் பெரிய மண்டையோடு பல்லைக் காட்டிக்கொண்டிருந்த கறுப்பு ரீசேட். "இந்தப் புள்ளயும் வருதா? நல்லம், நல்லம்" என்றார்.

அக்கரைப்பற்று தாண்டும் வரைக்கும் எங்களால் சிரிப்பை அடக்க முடியவில்லை. மிஹ்லார் ஒரு தரம் வண்டியை ஓரங்கட்டி, இறங்கி நின்று சிரித்துவிட்டு வந்து ஏறினான். தலைவர் இல்லாமல் பயணம் போகிற பழக்கம் எங்களுக்கு இல்லை என்பதால் வண்டிக்குள்ளேயே மசூறா என்று கூடிப் பேசி ஓர் அமீரைத் தெரிவுசெய்தோம். இடம் தெரிந்தவனும் இங்கிலீசு தெரிந்தவனும் ஒருவன்தான். ஆகவே திருநீறு பூசின பிரசாந் எங்கள் அமீர் ஆனான். அவன் அந்தப் பதவியை எங்களைவிடக் கடுமையாக எடுத்துக்கொண்டான்.

"சமையல் ஸமட். தண்ணி மிஹ்லார். காலிதீனுக்கு ஒரே வேலைதான், தூங்கிறது. அமீர்ட சொல்லுக்கு மறுபேச்சில்ல" என்றான்.

அறுகம்பேயில் ஒரே கூட்டம். கொழும்புப் பெடியன்களும் வெள்ளைக்காரர்களும் கலர் கலரான கூடாரங்களோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள். நாங்கள் எங்கள் சுனாமிக் கூடாரத்தை விரித்தோம். அகதி முகாமில் மாதக்கணக்காகக் குடியிருந்த கூடாரம் அது, கண்ணை மூடிக்கொண்டும் அடிப்போம். ஒரு வெள்ளைக்காரப் பெண் வந்து, இவ்வளவு உறுதியான கூடாரம் எந்தக் கடையில் கிடைக்கும் என்று கேட்டாள்.

"கடையில இல்ல, கடல் வந்தாத்தான் கிடைக்கும் எண்டு சொல்லு" என்றான் மிஹ்லார். அமீர் அதை மொழிபெயர்க்கவில்லை.

பின்னேரம் நான் இறைச்சிக் கறியை இறக்கியதும் வாசத்துக்கு ஒருவன் வந்து நின்றான். தோள் வரை முடி, கைநிறையப் பச்சை குத்தல், ஒரு சிங்களப் பெடியன். நாளைக்கு மேடையில் டிரம்ஸ் அடிக்கப் போகிறவனாம். சகனில் இடம் விட்டோம். சம்மணம் கட்டி உட்கார்ந்து, எங்களைப் போலவே கையால் அள்ளி, எங்களைவிட அதிகமாகத் தின்றான். காலிதீன் சகன் விளிம்பில் விரலால் அவனுடைய பாண் பாட்டைத் தட்டிக் காட்டினான். நாட்டில் பாண் வண்டியெல்லாம் போடுகிற அந்தப் பாட்டைத் தெரியாத ஆள் யார்? பெடியனுக்குச் சிரித்துப் புரைக்கேறிவிட்டது.

அன்றிரவு காலிதீன் தூங்கவில்லை. பாட்டு நின்றதும் கடல் கேட்டது. அவன் போய் மிஹ்லாரின் வண்டியில், வீதியைப் பார்த்தபடி, எந்த நேரமும் வண்டியைக் கிளப்பத் திறப்பைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். விடிந்ததும் கண் இரண்டும் கோவைப்பழம். "சரிவராது ஸமட். ஸப்னாக்கு நான் என்னத்தச் சொல்ற?" என்றான். எனக்கு அழுகை வந்தது. அழத் தெரியாததால், அடுப்பைப் பற்றவைக்கத் தெரியவில்லை என்று மிஹ்லாரை ஏசினேன்.

சனிக்கிழமை முற்பகல் அந்த முடிக்காரனின் குழு மேடையேறியது. நெஞ்சுக்கூடு அதிர இரண்டு மூன்று பாட்டு அடித்தார்கள். பிறகு அவன் எங்களைத் தேடிப் பார்த்துக் குச்சியால் காட்டிவிட்டுத் தொடங்கினான். டிங்டிங். எங்கள் காலிதீனின் பாண் பாட்டு, யானை மிதிக்கிற மாதிரிச் சத்தத்தில். ஒரு கணம் கூட்டம் திகைத்தது. அடுத்த கணம் அத்தனை பேரும் கையை உயர்த்தி "பாண், பாண்" என்று குதித்தார்கள். காலிதீனுக்குத் தலைகால் புரியவில்லை. சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு மேடைக்கு முன்னால் போய், "சுடச்சுட மாலுபாண்" என்று கூவிக் கூவி ஆடினான். மிஹ்லார் ஆடினான். அமீர் மண்டையோடு குலுங்கக் குலுங்க ஆடினான். நானும் கொஞ்சம் ஆடினேன் என்று சொல்கிறார்கள். நான் மணலில் கால் சுட்டதால் குதித்தேன்.

ஆடி முடிந்து வந்து, வயிறு முட்டச் சோறு தின்று, கூடார வாசலில் கதைத்துக்கொண்டிருந்த காலிதீன் பாதிக் கதையில் நின்றுவிட்டான். பார்த்தால் வாழைப்பழத் தோலைக் கையில் பிடித்தபடி, பாயில் சரிந்து, வாயைத் திறந்து குறட்டை விடுகிறான். மேடையில் குழு இன்னும் இடித்துக்கொண்டிருந்தது. நாங்கள் மூன்று பேரும் ஆளை ஆள் பார்த்தோம்.

அப்போதுதான் ஜெனரேட்டர் நின்றது.

தென்னைமர உசர ஸ்பீக்கரெல்லாம் ஒரேயடியாகச் செத்துப்போயின. அந்த அமைதிக்குள் கடல் எழும்பி வந்தது. காலையில் இருந்து பாட்டுக்குள் ஒளிந்திருந்த கடல், நடுப்பகலில், எங்கள் காலடியில் இருந்து சத்தம் போட்டது. காலிதீனின் குறட்டை நின்றது. மிஹ்லார் என் கையை நுள்ளிப் பிடித்தான். இப்போது எழும்புவான், எழும்பிக் கத்துவான், ஸப்னாவின் வீடு போய்விடும் என்று நினைத்தேன்.

காலிதீன் கடல் பக்கமாகப் புரண்டு படுத்தான். ஒரு பெருமூச்சு விட்டான். குறட்டை திரும்பவும் தொடங்கியது.

அந்தச் சந்தோசத்தை அனுபவிக்க விடாமல் மேடையில் முடிக்காரன் குச்சிகளைத் தூக்கினான். கரண்ட் வரும் வரைக்கும் கூட்டத்தைக் குஷிப்படுத்தத் தனியாக இடிக்கப் போகிறான். இந்த அமைதியில் அந்த இடி விழுந்தால் தூங்குகிறவனுக்கு அது பாட்டாகவா கேட்கும்? சுவர் இடிகிற மாதிரித்தான் கேட்கும். நான் ஓடினேன். சாரத்தை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, ஆட்களை இடித்துத் தள்ளிக்கொண்டு ஓடி மேடையில் ஏறிவிட்டேன். நான்தான் அடுத்த பாட்டுக்காரன் என்று நினைத்துக் கூட்டம் கை தட்டியது.

எனக்குத் தெரிந்த அரைகுறைச் சிங்களத்தில் முடிக்காரனிடம் சொன்னேன்: நேற்று உன்னோடு சகனில் சாப்பிட்டவன், சுனாமிக்குப் பிறகு முதல் தரமாகக் கடலடியில் தூங்குகிறான். அவன் என்னைப் பார்த்தான். கூடாரத்தைப் பார்த்தான். குச்சிகளை மெதுவாகக் கீழே வைத்துவிட்டு, கூட்டத்தைப் பார்த்து உதட்டில் விரல் வைத்தான். முன்னால் நின்றவர்கள் பின்னால் நின்றவர்களுக்குச் சொன்னார்கள். தமிழில், சிங்களத்தில், இங்கிலீசில் போன அந்தச் செய்தி கடைசியில் வெறும் "ஷ்ஷ்" ஆகி, அதுவும் அடங்கியது. அத்தனை சனமும் வெயிலில் நின்று ஒரு பாண்காரனின் குறட்டையைக் கேட்டது.

நான் கீழே வந்தபோது பிரசாந் சப்பாத்தைக் கழற்றிவிட்டுக் கூடார வாசலில் காவல் நின்றான். நான் போனை எடுத்து ஸப்னாவுக்கு அடித்தேன்.

"காக்கா? என்ன நடந்த?"

"ஒண்டுமில்ல புள்ள. இதக் கேளு." போனைக் காலிதீனின் முகத்துக்குப் பக்கத்தில் பிடித்தேன். நல்லாகக் கேட்கட்டும் என்று பொறுத்திருந்து, பிறகு காதில் வைத்தேன்.

"புள்ள?"

"அது கடலா காக்கா?"

"ஓம். மற்றது ஒன்ட மாப்பிள."

அவள் மூக்கை உறிஞ்சுவது கேட்டது. "எழுப்பாதங்க. ஒருத்தரயும் எழுப்ப விடாதங்க" என்றாள்.

ஜெனரேட்டர் வந்தது, பாட்டு வந்தது, பாட்டு முடிந்தது, அவன் தூங்கினான். அஸர் தொழுகைக்குப் பிறகு தானாகத்தான் விழித்தான். கடலைப் பார்த்தான், வெயில் சாய்ந்திருப்பதைப் பார்த்தான், முகம் வெளிறிவிட்டது.

"நான் தூங்கினனா? ஏன்டா எழுப்பல்ல?"

"எழுப்புறதுக்கு ஒண்டும் நடக்கல்லடா" என்றேன்.

காலிதீன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு, "உம்மா" என்று ஒரு தரம் சொன்னான். மிஹ்லார் அவன் முதுகைத் தடவினான். சற்று நேரத்தில் அவனே கையை எடுத்து, "கறி மிச்சம் இரிக்கா?" என்று கேட்டான்.

ஞாயிறு பின்னேரம் அவனைச் சவளக்கடையில் இறக்கப் போனால் வீடு பூட்டியிருந்தது. பக்கத்து வீட்டு ஜுனைதா ராத்தா மதிலுக்கு மேலால் தலையை நீட்டி, "ஸப்னா நேத்தே லேண்ட்மாஸ்டர்ல சாமான ஏத்திட்டுக் கல்முனைக்குப் போயிட்டாளே. ஒங்களுக்குத் தெரியாதா?" என்றார். பெட்டி இழுக்கிற அந்தக் கை உழவு இயந்திரத்தில் கட்டில், அலுமாரி, கோழிக்கூடு வரைக்கும் போயாயிற்று.

"நான் கொஞ்சம் கண்ணசந்தன். அதுக்குள்ள வீட்டயே மாத்திட்டா" என்று கல்முனை வரும்வரை காலிதீன் புலம்பிக்கொண்டு வந்தான்.

அடுத்த நாள் காலையில் எங்கள் தெருவுக்கு டிங்டிங் வரவில்லை. சனம் காசைக் கையில் வைத்துக்கொண்டு படலையடியில் நின்றது. என் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போக வேண்டும், வீட்டில் ஒரு துண்டுப் பாண் இல்லை. எனக்குக் கோபம் உச்சிக்கு ஏறியது. நல்லா நாலு வார்த்தை கேட்கவேண்டுமென்று கடற்கரை வீதிக்குப் போனேன். ஸப்னாவின் வீட்டுக் கடல்பக்க ஜன்னல் இரண்டும் அகலத் திறந்திருந்தன. வாசலில் முறத்தோடு இருந்த சபியா உம்மா என்னைக் கண்டதும் உதட்டில் விரல் வைத்தார்.

நான் கதவைத் தட்டாமல் திரும்பி, சந்திக் கடையில் பிஸ்கட் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.