தட்டையான திருகி

கிளாஃபிரா நிகீதிச்னா எங்கள் ரஷ்ய ஊர்ப் பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தவள். வருஷக்கணக்காகச் சொல்லிக்கொடுத்தும் ஆங்கிலம் பேசுகிற ஒரு ஆளைக்கூட அவள் கண்ணால் கண்டதில்லை. போர் வந்துதான் அந்தக் குறையைத் தீர்த்து வைத்தது.

நட்பு நாடான அமெரிக்கா நமக்கு அனுப்பிய சண்டை விமானங்கள், எதிரியே இல்லாத வானத்திலிருந்து ஒவ்வொன்றாக விழுந்துகொண்டிருந்தன. விமானிகள் 'சீமைக்காரி' என்று கொஞ்சிய விமானம் அது. காரணம் கண்டுபிடிக்க விட்லாக் என்ற அமெரிக்கப் பொறியாளர் எங்கள் விமானத்தளத்துக்கு வந்து இறங்கினார். அவர் பேச்சை மொழிபெயர்க்கக் கிளாஃபிராவைக் கூட்டிவந்தார்கள். அவர் வருவதற்குள் நம் ஆட்களே காரணத்தைக் கண்டுபிடித்துக் குளியல் கொட்டகையில் பூட்டி வைத்திருந்தார்கள். அதன் பெயர் எரெமேய், மெக்கானிக். நாசவேலை என்று குற்றச்சாட்டு. விசாரணைக் குழு வேறு காரணம் சொல்லாவிட்டால் சுட்டுவிடுவார்கள்.

எரெமேய் அவளிடம் படித்தவன். ஆங்கிலத்தில் இரண்டு முறை பெயில். ஆனால் வகுப்பில் ஆடிக்கொண்டிருந்த அவள் நாற்காலியைச் சரிசெய்து கொடுத்தவன். ஒரு ஆணியைக்கூடக் கோணலாக அடிக்கத் தெரியாதவன் நாசவேலை செய்தானாம்.

விசாரணைக் கூட்டத்தில் கர்னல் ஷுபின் மேசையைத் தட்டினார். "ஒரே காரணம்தான். தட்டையான ஷ்தோபர்! சொல்லுங்க டீச்சரம்மா."

ஷ்தோபர் என்றால் விமானம் சுழன்றுகொண்டே விழுவது. ஒயின் பாட்டிலின் தக்கையைப் பிடுங்கும் திருகிக்கும் நம் மொழியில் அதே பெயர்தான். இரண்டாவதற்கு மட்டுமே கிளாஃபிராவுக்கு ஆங்கிலம் தெரியும். தெரிந்ததைச் சொன்னாள்.

விட்லாக் பேனாவைக் கீழே வைத்தார். "பாட்டில் திருகியா? பறக்கும்போதே பாட்டில் திறக்கறாங்களா உங்க விமானிங்க?"

அதையும் அவள் ஒழுங்காக மொழிபெயர்த்தாள். கர்னல் பீட்ரூட்டாகச் சிவந்தார். "எங்க ஆளுங்களுக்குத் திருகி எதுக்கு? வோட்கா பாட்டில் அடியில உள்ளங்கையால ஒரு தட்டுத் தட்டினா மூடி தானா பறக்கும்! ஒயின் குடிக்க நாங்க என்ன பிரபு வம்சமா? கேளுங்க அந்தாளை!"

கேட்டாள். இரு நாட்டு நட்பும் மதியச் சாப்பாடு வரை இப்படியே திருகுப்பட்டது.

கடைசியில் மித்யாயெவ் என்ற விமானிக்குப் பொறுமை போய்விட்டது. உள்ளங்கையைத் தட்டையாக விரித்து, சுழற்றிச் சுழற்றிக் கஞ்சித் தட்டில் இறக்கிக் காட்டினான். "விமானத்தோட மூக்குத் துப்பாக்கியில குண்டு தீர்ந்து திரும்பறப்ப முன்பக்கம் லேசாயிடுது. வாலு இழுக்குது. சுத்த ஆரம்பிச்சா நிக்காது சார்."

விட்லாக்கின் முகம் வெளுத்தது. அவருக்குப் புரிந்துவிட்டது என்பது எல்லோருக்கும் புரிந்தது.

சிக்கல் அதற்கப்புறம்தான் ஆரம்பித்தது. விமானத்தில் குறை என்று அமெரிக்கர் எழுத மாட்டார். ஓட்டியவர்கள்மேல் குறை என்று கர்னல் எழுத மாட்டார். நண்பர்கள் ஆயிற்றே, ஒருவர் மனதை ஒருவர் நோகடிக்கலாமா? இருவருக்கும் வலிக்காத இடம் குளியல் கொட்டகை ஒன்றுதான்.

"பராமரிப்புக் கோளாறுன்னு முடிச்சுக்கலாமே" என்றார் விட்லாக் மெதுவாக.

"என்ன சொல்றாரு?" என்றார் கர்னல்.

கிளாஃபிரா கர்னல் பக்கம் திரும்பினாள். "தப்பு எங்களோடதுதான், மெக்கானிக்கை விட்டுடுங்கன்றாரு. மூக்குல எடை வைக்க ஏற்பாடு பண்றாராம். வெளியில மட்டும் பெருசு பண்ண வேண்டாமாம்."

கர்னல் உருகிப்போனார். "தங்கமான மனுஷன்யா! மெக்கானிக் தலையில கட்டலாம்னுதான் நானும் இருந்தேன். அதைச் சொல்லித் தொலைச்சிடாதீங்க."

சொல்லவில்லை. விட்லாக்கிடம் வேறொன்றைச் சொன்னாள். "மெக்கானிக்கை இழுத்தா கர்னல் மாஸ்கோவுக்கு எழுதுவாராம். மூக்குல எடை வச்சுக் கொடுத்தா இதோட விட்டுடுவாராம்."

விட்லாக் தலையாட்டினார். கர்னல் அவரைக் கட்டிப்பிடித்து மூன்று முத்தம் கொடுத்தார்.

மறுநாள் எரெமேயை வெளியே விட்டார்கள். உதடு வீங்கியிருந்தது. கிளாஃபிரா ஓடிப்போய் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். வாழ்க்கையில் இப்படி ஒரு சந்தோஷம் அவளுக்கு வந்ததில்லை.

"இனிமே பயமில்லடா."

அவன் முகத்தில் சிரிப்பு இல்லை. "நான் ஒத்துக்கிட்டேன் டீச்சரம்மா. அடி தாங்க முடியல. கூட யாரு யாருன்னு கேட்டாங்க. என்னோட வேலை பாக்கற குஸ்மா பேரையும் லூகா பேரையும் சொல்லிட்டேன். முந்தாநாளே அவங்கள லாரியில ஏத்திக் கொண்டுபோயிட்டாங்க." அவள் கையை விடவில்லை அவன். "அமெரிக்கக்காரர் இருக்காரா? அவங்களுக்காகவும் அவர்கிட்ட பேசுங்களேன்."

அவர் காலையிலேயே கிளம்பிப் போய்விட்டார் என்று கிளாஃபிரா சொன்னாள்.