நவமியன்று காலியாக இருந்த பட்டியல்

அரூரில் ஒரு பைக் ஷோரூமுக்கு நான் மென்பொருள் எழுதிக் கொடுத்தேன். அதன் முதலாளிக்கு வெறும் எண்ணாகத் தேதி வந்தால் பிடிக்காது. கிழிக்கும் காலண்டரில் இருப்பது போலவே ஆங்கிலத் தேதி, தமிழ் மாதம், கிழமை, திதி நான்கும் திரையில் வர வேண்டும் என்றார். செய்து கொடுத்தேன். அடுத்த வாரமே இன்னொன்று கேட்டார்.

"அஷ்டமி நவமில யாரும்மா வண்டி எடுக்கறாங்க? இன்னைக்கு யாருக்கு டெலிவரின்னு பசங்க தட்டுனா, அந்த நாள்ல பேரே வரக்கூடாது. பேரு வந்தா இவனுங்க போனப் போட்டுடறானுங்க. கஸ்டமர் என்னைய புடிச்சு ஏசறாங்க."

டேட்டாபேஸில் இதற்கொரு வசதி இருக்கிறது. நாம் கேட்கும் கேள்வி தகவலைப் போய்ச் சேரும் முன்பே அதை வேறு கேள்வியாக மாற்றி எழுதுவதற்கு ஒரு விதி வைக்கலாம். பையன் கேட்பது, "இன்றைக்கு உரியவர்கள் யார்?" உள்ளே போய்ச் சேர்வது, "இன்று அஷ்டமியோ நவமியோ இல்லையென்றால், இன்றைக்கு உரியவர்கள் யார்?" கேட்டவனுக்குத் தன் கேள்வி மாறியதே தெரியாது. பிழை என்று எந்தச் செய்தியும் வராது. பட்டியல் காலியாக வரும், அவ்வளவுதான். அதை எழுதிய அன்று எனக்கு என்னைப் பற்றி ஏகப்பட்ட பெருமை.

அதற்குப் பிறகு, பாலக்கோடு போகும் வழியில் ஒரு டாக்டர் சின்ன கிளினிக் திறந்தார். நாய்க்கடி ஊசிக்கு வருபவர்களுக்கு நினைவூட்ட ஒரு மென்பொருள் வேண்டும் என்றார். ஐந்து ஊசி. கடித்த அன்று, மூன்றாம் நாள், ஏழாம் நாள், பதினான்காம் நாள், இருபத்தெட்டாம் நாள். ஒரு ஊசி போட்டதைப் பதிந்தால்தான் அடுத்த ஊசியின் தேதி உருவாகும். தினமும் காலையில் பட்டியலைப் பார்த்து நர்ஸ் ஒவ்வொருவருக்கும் போன் செய்வாள்.

நான் புதிதாக எழுதவில்லை. ஷோரூமுக்கு எழுதியதை அப்படியே நகலெடுத்து, வண்டி என்றிருந்த இடத்தில் ஊசி என்று மாற்றினேன். சோம்பேறித்தனம், வேறென்ன. திரையைப் பார்த்த டாக்டர் சிரித்தார். "ஆஸ்பத்திரில பஞ்சாங்கம் எதுக்கும்மா?" தேதியின் வடிவத்தை மாற்றித் திதியை எடுத்துவிட்டேன். நாள், மாதம், வருடம் மட்டும் துடைத்துவிட்டது போல் சுத்தமாக வந்தது. கண்ணுக்குத் தெரிந்ததை மட்டும்தான் எடுத்தேன். திதி அட்டவணையும் அந்த விதியும் அடியிலேயே கிடந்தன.

சில மாதம் கழித்துப் பிரிண்டர் வேலை செய்யவில்லை என்று கூப்பிட்டார்கள். போனேன். நர்ஸ் நாற்காலியில் சாய்ந்து வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"என்னம்மா, கூட்டமே இல்லை?"

"நேத்தும் யாரும் லிஸ்ட்ல வரலக்கா. இன்னைக்கும் இல்ல. மாசத்துல ரெண்டு வாட்டி இப்புடி ரெண்டு நாளு ரெஸ்ட் கெடைக்குது. நாய்ங்களுக்கும் லீவு வுடறாங்க போல."

நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே அவள் தலைக்கு மேல் தொங்கிய காலண்டரைப் பார்த்தேன். நவமி என்று போட்டிருந்தது. பிரிண்டரை அப்படியே போட்டுவிட்டு, அடியில் கிடந்த விதியை நீக்கினேன். மறுபடி கேட்டதும் பட்டியலில் பெயர்கள் வந்தன. முந்தைய மாதங்களின் அஷ்டமி, நவமித் தேதிகளைப் போட்டுக் கேட்டேன், அவற்றிலும் வந்தன. ஒரு ஊசி விட்டுப்போனதால் அடுத்த தேதியே உருவாகாமல், யாரும் தேடாமல் போனவர்கள்.

டாக்டரிடம் சொன்னேன். அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. "மொதல்ல எல்லாருக்கும் போன் பண்ணுங்க" என்றார். பெரும்பாலானவர்கள் முதல் நாளே தேதி எழுதிக் கொடுத்த சீட்டைப் பார்த்து அவர்களாகவே அரசு மருத்துவமனைக்குப் போய் ஊசியை முடித்திருந்தார்கள். மாரண்டஹள்ளிக்கு அப்பால் ஒருவர் மட்டும் போனை எடுக்கவே இல்லை. தக்காளி மண்டியில் மூட்டை தூக்குபவர். இரண்டு ஊசியோடு நின்றிருந்தார். நாய் கடித்து ஐந்து வாரம் ஆகியிருந்தது.

நர்ஸை என் ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு வீடு தேடிப் போனேன். அவர் வாசலில் உட்கார்ந்து பீடி பிடித்துக்கொண்டிருந்தார். உயிரோடு பார்த்ததும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவர் மனைவி எங்களைக் கண்டதும் புருஷன் மேல் பாய்ந்தாள்.

"ஊசி போடறவங்களே வூடு தேடி வந்துட்டாங்க பாருங்க. தலபாடா அடிச்சிக்கிட்டேங்க, போன் வரலியா போன் வரலியான்னு. வந்தாப் போறேன்னு ஒக்காந்துக்கிட்டாரு. சோம்பேறி மனுசன்."

"ஆமாங்க, நாந்தான் வுட்டுட்டேன்" என்றார் அவர், தலையைச் சொறிந்துகொண்டு.

அப்போதே நான் சொல்லியிருக்க வேண்டும். நர்ஸ் என்னைப் பார்த்தாள். நான் கட்டுத்தறியைப் பார்த்தேன். அது காலியாக இருந்தது.

"கன்னுக்குட்டி இருந்துச்சுங்க" என்றாள் மனைவி. "அதே நாய்தான் அதையும் கடிச்சிது. போன வாரம் நொரை தள்ளிச் செத்துப்போச்சு."

அன்றே அவரைக் கூட்டிப் போய் ஊசியைத் தொடர வைத்தோம். டாக்டர் என்னைத் தனியாக அழைத்தார். "மீதி ஊசியப் போட்டுடலாம். ஆனா நடுவுல போன நாளுக்கு மருந்து கெடையாது. அந்த நோய் வந்துட்டா காப்பாத்தறதுக்கு ஒண்ணுமில்லம்மா. சில பேருக்கு மாசக்கணக்குலகூட ஆகும். காய்ச்சல் வரும். தண்ணி எறங்காது, தண்ணியப் பாத்தாலே மெரளுவாங்க. பாத்துக்கிட்டே இருக்க வேண்டியதுதான்."

அன்றிலிருந்து தினமும் காலையில் நான் அவருக்குப் போன் செய்கிறேன். "தண்ணி குடிச்சிங்களா?" என்பேன். "குடிச்சேங்க" என்பார். முதல் நாட்களில் அவருக்கு அது வேடிக்கை. போனை வாயருகே வைத்து மடக் மடக்கென்று குடித்துக் காட்டுவார். "மாமியாகூட என்னைய இப்புடி விசாரிச்சதில்லீங்க" என்பார். ஏன் கேட்கிறேன் என்று அவர் ஒரு நாளும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. அந்தச் சத்தத்தைக் கேட்ட பிறகுதான் எனக்குக் காபி இறங்கும்.

நேற்றுக் காலை போனை எடுத்தது மனைவி.

"ராத்திரியிலிருந்து காய்ச்சலுங்க. கழுத்து வலிக்குதுங்கறாரு. டீ வெச்சுக் குடுத்தேன், வேண்டான்னுட்டாரு."

எப்படி ஸ்கூட்டர் ஓட்டினேன் என்று தெரியவில்லை. அவர் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார், முகம் வெளுத்திருந்தது. டாக்டருக்குப் போன் செய்தேன், கிளம்பி வருவதாகச் சொன்னார். மனைவி சொம்பில் தண்ணீர் கொண்டுவந்தாள். யாரும் அவளிடம் கேட்கவில்லை. கன்றுக்குட்டிக்குத் தண்ணீர் இறங்காமல் போனதைப் பார்த்தவள், அவளுக்குத் தெரிந்திருந்தது.

அவர் சொம்பை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். "ரெண்டு பேரும் ஏன் என் வாயவே பாக்கறீங்க?" என்றார். பிறகு தூக்கி ஒரு மடக்குக் குடித்தார். உள்ளே இறங்கியது.

அதற்கு மேல் என்னால் அடக்க முடியவில்லை. "உங்க மேல தப்பில்லைங்க" என்றேன். "அன்னைக்கு லிஸ்ட்ல உங்க பேரு வரல. வராம பண்ணினது நான்தான். நவமின்னா பேரை மறைக்கிற மாதிரி வேற ஒருத்தருக்கு எழுதினேன். அதை எடுக்காம இங்க போட்டுட்டேன்."

அவர் சிரித்தார். "நவமியாங்க? அன்னைக்கு நீங்க கூப்புட்டிருந்தாலும் நான் வந்திருக்க மாட்டேன். வுடுங்க."

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அந்த ஒரு நொடி எனக்கு நெஞ்சு லேசாகிவிட்டது.

"நான் கூட்டிட்டு வந்திருப்பேன்" என்றாள் அவர் மனைவி. அவள் என்னைப் பார்க்கவில்லை. "ஒரு போன் வந்திருந்தாப் போதும். இழுத்துக்கிட்டாவது வந்திருப்பேன்."

அவர் மடியிலிருந்த சொம்பை எடுத்து மறுபடி அவரிடம் நீட்டினாள். "இன்னொரு மடக்குக் குடிங்க."

"போதும்" என்றார்.

"குடிங்க."

அவர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். அவள் சொம்பைக் கீழே வைக்கவில்லை.